சேதம் என்று திரும்பி வந்த முப்பத்தொன்று

என் உயிருக்கு நெருக்கமான ஜெரோம் மாமுவுக்கு,

செப்டம்பர் 20, சனிக்கிழமை, மாலை 4 மணி 10 நிமிடம். எண்ணிக்கை: 17.

ரேக்கில் மிச்சம் இருக்கும் நம் பத்திரிகை 'ஐஸ்பெட்டி'யின் பிரதிகள் பதினேழு. மூன்று வாரத்துக்கு முன் வைத்தது அறுபது. இரண்டு முறை எண்ணிவிட்டேன். ஐந்து மணிக்குக் கடை முதலாளி அண்ணாச்சி மேல்மாடியிலிருந்து இறங்கி வருவார். அப்போது பதினைந்து இருந்தால் இந்தக் கடையில் நம் இடம் நிலைக்கும், அவருடைய இரண்டாவது கடையிலும் இடம் கிடைக்கும். பதினாறு இருந்தால் இந்த ரேக்கும் போய்விடும். தீபாவளிக்கு ஒரு சோப்புக் கம்பெனி இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஐம்பது நிமிடத்தில் இரண்டு பிரதி போக வேண்டும்.

திருவொற்றியூரில், அந்த மூன்று மாடிக் கடையில், பில் போடும் இடத்துக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சும்மா உட்கார என்னால் முடியாது, உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அடுத்த இதழில் போடப்போவதாக ஸ்டெல்லா சொல்கிறாள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். கூட இருந்து படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா?

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவன் பதினோராம் நாள் இல்லை. உன் மனைவி ஸ்டெல்லாதான் இப்போது ஆசிரியர். துறைமுகத்தில் கன்டெய்னர் பேப்பர் பார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டே, ராயபுரத்தில் அதே மேஜையில், உன்னைவிடச் சீக்கிரமாக இதழை முடிக்கிறாள். எழுத்துப் பிழையும் உன்னைவிடக் குறைவு. கடைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை என்னுடையது. மணலியில் ஒரு பிளான்ட்டில் பகலெல்லாம் பிரஷர் மீட்டர் சரிபார்க்கிறேன். ஷிப்ட் முடிந்ததும் கடை கடையாக ஏறி இறங்குகிறேன்.

இதைத்தானே உன்னிடம் ஐந்து வருடமாகச் சொன்னேன்? முப்பது டீக்கடை, எட்டு சலூன், மீன் ஏலம் விடும் இடம், சர்ச் வாசல். இதை வைத்துக்கொண்டு ஒரு பத்திரிகை எத்தனை நாள் ஓடும்? டீக்கடைகளில் பத்திரிகை தொங்கிய கம்பியில் இப்போது சிப்ஸ் பாக்கெட் தொங்குகிறது. நம் ஜனங்கள் அரிசியிலிருந்து செருப்பு வரை வாங்கப் பெரிய கடைக்குப் போகிறார்கள். ஜனங்கள் போகிற இடத்தில் பத்திரிகை இருக்க வேண்டும். நான் சொன்னது அவ்வளவுதான்.

நீ வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வை மாமு, எங்க வேணா வை. கட்சிப் பக்கத்துல மட்டும் கை வெக்காத" என்றாய். கடைசிப் பக்கம் என்பதை நீ சொல்லும் விதம் அப்படி. காசிமேட்டுப் பிரிண்டர்கூடக் கட்சிப் பத்திரிகை அடிக்கிறோம் என்று கொஞ்ச நாள் பயந்துகொண்டிருந்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 'ஐஸ்பெட்டி'யின் கடைசிப் பக்கம் காலியாக இருக்கும். பன்னிரண்டு கோடு. மேலே இரண்டு வாக்கியம்: 'படித்துவிட்டு எழுதுங்கள். எழுதிவிட்டு அடுத்தவர் கையில் கொடுங்கள்.' பெயர், ஏரியா, ஒரு வரி. விசைப்படகில் ஒரு வாரம் கடலுக்குப் போகிறவர்கள் ஒரே பிரதியை ஏழெட்டுப் பேர் படிப்பார்கள் என்பதால் ஜெரோம் ஆரம்பித்த வழக்கம் அது. கரைக்கு வந்ததும் செதில் ஒட்டிய அந்தப் பிரதிகளைப் போய் வாங்கி வருவான். நல்ல வரிகளை அடுத்த இதழில் போடுவான்.

நமக்குள் நடந்த கடைசிச் சண்டை அந்தப் பக்கத்தைப் பற்றித்தான். எர்ணாவூர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். அந்தப் பக்கம் வேஸ்ட்டு, அங்கே இரண்டு விளம்பரம் போடலாம், என்று நான் சொன்னேன்.

"ஒனுக்கு இன்னா மாமு எப்பப் பாத்தாலும் அவசரம்" என்றாய். "அஞ்சு வருசமா இந்த புக்க கையில வெச்சிகினு கீற. ஒரு தபா அதுல எழுதிக்கிறியா நீ? எழுதிப் பாரு. அப்பால வந்து பேசு."

எழுதவில்லை. பேசவும் முடியாமல் போயிற்று.

4 மணி 32 நிமிடம். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஒரு பிரதியை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போகிறார். பதினாறு.

இந்த அண்ணாச்சியைப் பிடிக்க ஆறு முறை நடந்தேன். பெயர் ஜெபராஜ். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து, சின்ன மளிகையில் ஆரம்பித்து மூன்று மாடி எழுப்பியவர். முதல் முறை பிரதியைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன புக்கு? ஜோசியமா?"

"இல்ல அண்ணாச்சி. நம்ம ஏரியா பத்திரிகை."

"அது சரி. நிக்குமா?"

"எது?"

"ரேக்குல நிக்குமான்னு கேக்கேன்." அவரே கொண்டுபோய் வைத்தார். நடுவில் பின் அடித்த நாற்பத்தெட்டுப் பக்கம் எப்படி நிற்கும்? இடுப்பில் மடங்கி முன்னால் சாய்ந்தது. "பாத்தீரா, ஒம்ம புக்கு எனக்குக் கும்பிடு போடுது" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். ஆனால் அவர் சொன்னது சரி.

அன்றைக்கே டேப் வைத்து ரேக்கை அளந்தேன். முன்னால் உள்ள தகடு அட்டையில் பாதியை மறைக்கிறது. நீ ஆசையாகப் பெயரை அட்டையின் அடியில் போடுவாய். அங்கே போட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. பெயரை உச்சிக்கு ஏற்றினோம். எண்பது பக்கமாக்கி, முதுகில் பசை போட்டு ஒட்டி, நிற்க வைத்தோம். பார்கோடு வாங்கினோம். கடைசிப் பக்கத்தையும் எடுத்துவிடலாம் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"அண்ணா, முதுகு வெச்சாச்சு. மூஞ்ச மாத்தியாச்சு. அது மட்டும் இருக்கட்டும்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. முனகிக்கொண்டே விட்டுவிட்டேன்.

ஜூனில் முதல் நாற்பது பிரதி வைத்தோம். ரேக்கில் நேராக நின்றது மாமு. நான் அதை ஒரு படம் எடுத்து, பழக்கத்தில் உன் நம்பருக்கே அனுப்பிவிட்டேன். அந்த போன் இப்போது ஸ்டெல்லாவிடம் இருக்கிறது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் குடோனிலிருந்து போன் வந்தது. "சார், ஒங்க புக்கெல்லாம் கலீஜ் ஆயிடுச்சி. வந்து எட்துகினு போங்க." போனேன். முப்பத்தொரு பிரதி, சணல் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு ஸ்டிக்கர்: சேதம். விற்றது ஒன்பதே ஒன்பது.

கட்டைப் பைக்கில் வைத்துக்கொண்டு ராயபுரம் வரும் வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஸ்டெல்லாவின் முன்னால் மேஜையில் போட்டேன். "முடிஞ்சிது. நாளைக்கே அந்த ரேக்க காலி பண்ணிடுவாரு" என்றேன். அவள் சணலை வெட்டி, மேலே இருந்த பிரதியைப் பின்பக்கத்திலிருந்து திறந்தாள். அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்தது. அப்புறம் ஒன்றை என் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

பன்னிரண்டு கோடும் நிரம்பியிருந்தது.

'வேலு, எர்ணாவூர். பில்லு போட நின்னுகினு கீறேன். எனுக்கு முன்னாடி எட்டு பேரு. பதினாலாம் பக்கம் முட்ச்சிட்டேன்.'

'பாத்திமா, தண்டையார்பேட்டை. எனக்கு முன்னாடி ஆறே பேர். கதை பாதியில நிக்குது. நாளைக்கு வர்றேன்.'

அதற்கு மூன்று கோடு கீழே: 'பாத்திமா. வந்துட்டேன். அந்தம்மா வீட்ட விட்டுப் போனது சரிதான்.'

அதற்கும் கீழே, வேறு கையெழுத்தில்: 'சரியில்லை. பெயர் வேண்டாம்.'

ஜனங்கள் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? நாம் அச்சடித்துக் கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறார்கள். படித்துவிட்டு எழுதுங்கள், எழுதிவிட்டு அடுத்தவர் கையில் கொடுங்கள். வரிசையில் நின்றபடி படித்தார்கள், எழுதினார்கள், பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 'வாங்குங்கள்' என்று நாம் எங்கேயும் போடவில்லையே. டீக்கடையில் அது தேவைப்படவில்லை. ஒரு மெஷினை ஓட்டும் முறையை எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் படியில் சுவிட்சைப் போடச் சொல்ல மறந்த மாதிரி. பிளான்ட்டில் எவனாவது அப்படி எழுதியிருந்தால் நான் கிழித்துப் போட்டிருப்பேன். அங்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டெல்லாவும் சிரித்தாள். நீ போன பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

பிறகு எண்ணினேன். முப்பத்தொரு பிரதியில் இருநூற்றுப் பதினான்கு பேர். மணலியில் நான்கு நாளாக லோடுக்குக் காத்திருக்கும் ஒரு டேங்கர் டிரைவர். புழலில் மகளைக் கட்டிக்கொடுத்த ஒரு அம்மா. அந்தோணி, முகத்துவாரக்குப்பம், இப்படி எழுதியிருந்தார்: 'இத்த நட்த்தினவரு பூட்டாருன்னு உள்ள போட்டுக்கீது. ஒரு தபா எங்க வூட்டாண்ட வந்து, வலை பின்றத பாத்துகினே ரெண்டு மணி நேரம் குந்தினு இருந்தாரு. இன்னா வேணும்னு கேட்டேன். ஒண்ணும் வேணாம்னாரு. டீ குட்ச்சாரு. போனாரு.'

ஸ்டெல்லா அதை மட்டும் சத்தமாகப் படித்தாள். அவளுக்கே தெரியாதாம், நீ அங்கே போனது. எப்போது போனாய் மாமு? என்னை ஏன் கூப்பிடவில்லை? கூப்பிட்டிருந்தால் பத்தாவது நிமிடத்தில் கிளம்பலாம் என்று சொல்லியிருப்பேன். அதனால்தானா?

மறுநாளே கட்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போகிறேன் என்று எழுந்தேன். "அப்டியேவா?" என்றாள் ஸ்டெல்லா. நான்கு பிரதிகளைத் தனியாக எடுத்து வைத்தாள். ஒன்றில் கடையில் வேலை செய்பவர்களே எழுதியிருந்தார்கள். 'ஒன்பது மணி நேரம் நிற்கிறோம். உட்கார்ந்து படிக்க ஆசை.' இன்னொன்றில், 'மொதலாளி எறங்கி வராரு, மீதி அப்பால.' இதை அவர் பார்த்தால் யாருடைய வேலை போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. நான் அப்படித்தான். நீ இருந்திருந்தால் யோசித்திருப்பாய். அவள் யோசித்தாள்.

இருபத்தேழு பிரதியோடு போனேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். டேங்கர் டிரைவர் எழுதியதை இரண்டு தரம் படித்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு ஆளு இத எழுத எவ்வளவு நேரம் நின்னுருப்பான்?"

"படிச்சு எழுத... பத்து நிமிசம் அண்ணாச்சி."

"பத்து நிமிசம் சண்ட போடாம நின்னுருக்கான்." கண்ணாடியைக் கழற்றினார். "பில்லு வரிசை மெதுவாப் போவுதுன்னு தெனம் ஒரு ஏச்சு கேக்கேன். ரெண்டு மாசமா அந்த மூலைல மட்டும் சத்தத்தக் காணும். ஏசி காத்துதான் காரணம்னு நெனச்சேன்."

அந்த இடத்தில் யோசனை சொன்னது நான், அதை நீ நம்ப வேண்டும். ஒரு பிரதியை மட்டும் பேனாவோடு கயிற்றில் கட்டி வைப்போம், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், எழுதட்டும். மற்றதெல்லாம் கவர் போட்டு ஒட்டி ரேக்கில் இருக்கும், வாங்கித்தான் திறக்க முடியும். "பேங்குல பேனா கட்டிப் போடுத மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி. கயிறு நீரே கொண்டாரும். அறுபது வையும். மூணு வாரம். மிச்சம் பதினஞ்சுக்கு மேல கெடக்கப்பிடாது. கெடந்தா ரேக்கு சோப்புக்கு."

வலை பின்னும் நைலான் நூலைக் காசிமேட்டில் வாங்கினேன். முடிச்சுப் போட்டது ஸ்டெல்லா. என் முடிச்சு இரண்டாம் நாளே அவிழ்ந்துவிடும் என்று சொல்லிவிட்டாள். கவரில் உள்ள பிரதிகளின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தோம்: 'வாங்கியவருக்கு நன்றி.' கட்டிய பிரதியில் உன் இரண்டு வாக்கியம் மட்டும்; பக்கம் நிரம்பினால் அடுத்ததைக் கட்டுவோம்.

4 மணி 51 நிமிடம். ஒருவர் ஒரு பிரதியை எடுத்தார். அட்டையைப் பார்த்தார். பின்னால் திருப்பி விலையைப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டார். எழுந்து போய் அவரிடம் பேசலாம் என்று கால் துடிக்கிறது. பில் போடும் ரேவதி என்னைப் பார்த்து, உட்காருங்க என்று கண்ணாலேயே சொல்கிறாள்.

நானே ஒன்று வாங்கிவிடலாம். ரேவதி பில் போட்டுக் கொடுப்பாள், வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் அது முள்ளை விரலால் தள்ளிவிட்டு ரீடிங் எழுதுகிற வேலை. பிளான்ட்டில் அதைச் செய்கிறவனை நான் மதித்ததில்லை. உட்கார்ந்துகொண்டேன்.

5 மணி 2 நிமிடம். இறங்கி வருகிறார். இங்கே நிறுத்துகிறேன்.

5 மணி 25 நிமிடம். சொல்கிறேன்.

நேராக ரேக்குக்குப் போனார். ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். "பதினாறு."

"ஆமா அண்ணாச்சி."

"கயித்துல ஒண்ணு கெடக்கே. அது வித்த கணக்கா, விக்காத கணக்கா?"

அறுபதுக்கு வெளியே இருந்த அதை விற்றதில் சேர்த்தால் நாற்பத்தைந்து ஆகிவிடும்; அவர் எனக்கு ஒரு வழி விட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. "அது கணக்குலயே வராது. பதினாறுதான். ஒண்ணு ஜாஸ்தி" என்றேன்.

"ஒண்ணு ஜாஸ்தி" என்றார் அவரும். "அப்ப ரேக்கு சோப்புக்குத்தான். நான் சொன்னா சொன்னதுதான்."

சரி என்றேன். பிரதிகளை எடுக்கக் குனிந்தேன். அவர் போகவில்லை. பில் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் பதினோரு பேர். நடுவில் ஒரு பெரியவர், கயிறு எட்டும் தூரத்தில், கட்டிய பிரதியைப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். வரிசை நகர்ந்துவிட்டது. அவர் நகரவில்லை. பின்னால் நின்றவர் அவரைத் தாண்டிப் போகாமல், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தம்பி" என்றார் அண்ணாச்சி. "எதுக்கு அங்க போயி குனியுதீரு? ரேக்கு, சாமான் எடுக்க வாறவனுக்கு. ஒம்ம புக்கு, நிக்கிறவனுக்கு. அந்தா, அந்தச் செவுத்துல மாட்டும். வரிசை நெடுக. ரெண்டாவது கடைலயும் இப்படியே. மொதல்ல இருபது அனுப்பும்." இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினார். "கயிறையும் அனுப்பும். கயிறில்லாம வேண்டாம்."

கேட்டாயா மாமு? நான் முதுகு வைத்தேன், பார்கோடு வைத்தேன், அட்டையின் உச்சிக்குப் பெயரை ஏற்றினேன். அதெல்லாம் நம்மை உள்ளே விட்டது, உண்மைதான். அங்கேயே இருக்கச் சொன்னது நீ விட்டுவைத்த காலிப் பக்கம்.

பெரியவர் எழுதிவிட்டுப் போன பிறகு கட்டிய பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஒரு கோடு மிச்சம் இருந்தது. பெயர் எழுதினேன், எர்ணாவூர் என்று எழுதினேன். அதற்குப் பிறகு பேனா நின்றுவிட்டது. பின்னால் ஒரு பெண், "இன்னாண்ணா, எழ்துறியா, குட்த்துட்றியா?" என்றாள். எழுதிவிட்டு அவள் கையில் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்று இங்கே சொல்ல மாட்டேன். அது அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

இனி செய்யப்போவது:

1. திங்கட்கிழமை காசிமேட்டில் நைலான் நூல், இரண்டு கடைக்கும் சேர்த்து. முடிச்சு ஸ்டெல்லா போடுவாள்.

2. சுவரில் மாட்டும் தட்டு, வரிசையின் நீளத்துக்கு மூன்று. அளவு எடுத்துவிட்டேன்.

3. மணலியிலும் புழலிலும் இரண்டு பெரிய கடை பார்த்து வைத்திருக்கிறேன். ரேக் கேட்க மாட்டேன். ஜனங்கள் எங்கே காத்து நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அந்த இடத்தைக் கேட்பேன்.

4. டீக்கடைகளை விட மாட்டேன். சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்கினால் தொங்கட்டும்.

5. முகத்துவாரக்குப்பம் போய் அந்தோணியைத் தேடுவேன். வலை பின்னுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருவேன். கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன்.

6. கடைசிப் பக்கத்தை எடுக்க மாட்டேன். யார் கேட்டாலும். நானே கேட்டாலும்.

ஸ்டெல்லாவுக்கு அண்ணன், அந்த வழியில் உனக்கு மச்சான்,
தணிகாசலம்